ஓட்டை போட்ட பால் டின்னும் மெல்போர்ன் இடமும்

1

கிட்டே வாங்க, கண்ணுகளா. வாசலில் நிற்கிறவர்களும் உள்ளே வந்து உட்காருங்கள். ஒரு பால் டின்னின் கதை சொல்லப்போகிறேன். முடிக்கும்போது உங்கள் கையில் ஒரு கடிதம் இருக்கும். அது என் வாக்கு.

கதை எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். போன மாதம் அலமாரியைத் துடைத்தபோது பொத்தான்கள் போட்டுவைத்த பழைய பால் டின் ஒன்று அகப்பட்டது. அதன் தலையில் ஓர் ஆணித் துளை. அந்தத் துளைக்குள் கண்ணை வைத்தேன்; ஒரு கடையும் இரண்டு பெண்களும் தெரிந்தார்கள். மற்றதெல்லாம் நான் கட்டியது.

எப்படித் தொடங்குவது?

"1955-ஆம் ஆண்டு, அவசரகாலச் சட்டங்கள் நடைமுறையிலிருந்த கெடா மாநிலத்தில், பொதுமக்கள் பெரும்…"

(வேண்டாம். பாடப்புத்தகம் கொட்டாவி விடுகிறது.)

"மஜீத் பாய் ஆணியைத் தேடிக்கொண்டிருந்தார்."

ஆங். இது நடக்கும்.

2

மஜீத் பாய் ஆணியைத் தேடிக்கொண்டிருந்தார். பாடாங் செராயில் அவருடையது மளிகைக் கடை. டின்னில் அடைத்த எதை விற்றாலும் வாங்குபவர் கண்முன்னேயே ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது அப்போதைய சட்டம். முழு டின்னாகக் கொடுத்தால் அது காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். ஓட்டை போட்ட பால் எத்தனை நாள் தாங்கும்? சின்னக் குடும்பங்கள் பால் வாங்குவதையே நிறுத்திவிட்டன.

அவர் மகள் ஜரீனா சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்தில் வணிகம் படிப்பவள். விடுமுறைக்கு வந்தவள் கடையில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டாள்: "ஒரு டின், இரண்டு வீடு." பக்கத்துப் பக்கத்து வீட்டார் சேர்ந்து வாங்கி, ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒரே வாரத்தில் பால் மறுபடி ஓடத் தொடங்கியது.*

* ஜோடி வீடுகள் சண்டை போட்டுக்கொள்ளவில்லையா என்று கேட்பீர்கள். போட்டார்கள். ஜரீனா ஜோடியை மாற்றிவிட்டாள்.

3

அந்த விடுமுறையில்தான் சேதி வந்தது. வணிகம் படிக்கும் மாணவர் ஒருவருக்கு மெல்போர்னில் உதவித்தொகையோடு மூன்று வருடப் படிப்பு. கெடாவுக்கு ஒரே ஓர் இடம்.

நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர்கள் இருவர். ஒருத்தி ஜரீனா. இன்னொருத்தி பிரிஜெட், பாடாங் மேஹா பக்கத்தில், கம்பிவேலி போட்ட ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி அந்தோணிதாஸின் மகள். சிங்கப்பூரில் இருவருக்கும் ஒரே அறை, ஒரே வகுப்பு, ஒரே குடை. இருவருக்குமே அந்த இடத்தின்மேல் கொள்ளை ஆசை. அதனால்தான் அதைப்பற்றி ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

(முதல் படியில் பிரிஜெட்டைப் பொறாமைக்காரி ஆக்கினேன். ஜரீனாவின் நேர்காணல் கடிதத்தை அவள் ஒளித்துவைப்பதாக ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். பேனா நகர்ந்தது, பிரிஜெட் நகரவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.)

4

நேர்காணலுக்காக இருவரும் சுங்கை பட்டாணிக்குப் பஸ் ஏறும் காலையில், வழியில் குடிக்கட்டும் என்று மஜீத் பாய் ஒரு பால் டின்னை எடுத்தார். கூடவே ஆணியையும் எடுத்தார்.

"அத்தா, இது நமக்குத்தானே! எதுக்கு ஓட்டை?"

"சட்டம் சட்டம்தாம்மா. மகளுக்குன்னு தனிச் சட்டமா?"

"மெல்போர்னுக்கு அனுப்பினாலும் ஓட்டை போட்டுத்தான் குடுப்பீங்கபோல."

"போடாம? கப்பல்லயும் செக்கிங் இருக்கும்லா!"

துளையைக் காகிதத்தால் அடைத்துக் கொடுத்தார். ஜரீனாவின் பையில் இடமில்லை. பிரிஜெட் வாங்கித் தன் பைக்குள் வைத்தாள். சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். சிப்பாய் பிரிஜெட்டின் பையைக் கிளறிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தான். உள்ளே டின் தலைகீழாகக் கிடந்தது ஒருத்திக்கும் தெரியவில்லை.

நேர்காணல் அறைக்கு வெளியே பையைத் திறந்தபோதுதான் தெரிந்தது. பேராசிரியர் பிரிஜெட்டுக்காக எழுதிக்கொடுத்த சிபாரிசுக் கடிதம் பாலில் ஊறி, மை கரைந்து, ஓரத்தில் எறும்புகள்.

"எறும்பு மட்டும் டயத்துக்கு வந்துருச்சு பாரேன்," என்று பிரிஜெட் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "போடி, உன் பேரைக் கூப்பிடுறாங்க."

இந்த இடத்தில் நான் பேனாவைக் கீழே வைத்தேன். ஜரீனா வாயைத் திறக்காமல் உள்ளே போனால் இடம் அவளுக்குத்தான். அவளுக்கு அந்த நினைப்பே வரவில்லை என்று எழுதினால் பொய். வந்தது. கதவுப் பிடியில் கை வைத்து நின்றாள். பிறகு திரும்பி வந்து, பிசுபிசுத்த கடிதத்தைப் பிரிஜெட்டின் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனாள்.

5

(உள்ளே பேசியதெல்லாம் ஆங்கிலம். நான் தமிழில் சொல்கிறேன். என் ஆங்கிலத்தை நம்பினால் பெண்கள் இருவரும் பினாங்கிலேயே கப்பலைவிட்டு இறங்க வேண்டியதுதான்.)

"இது என்ன?" அதிகாரி இரண்டு விரலால் தூக்கினார்.

"பால், ஐயா. என் அத்தா போட்ட ஓட்டை. கடிதம் பிரிஜெட்டுடையது. அவள் என்னைவிட நல்ல மதிப்பெண்காரி."

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அம்மையார் ஒருவர் பக்கத்தில் இருந்தார். டின்னில் எதற்கு ஓட்டை என்று அவருக்குப் புரியவில்லை. ஜரீனா சொன்னாள். அப்படியானால் எப்படி வியாபாரம் செய்கிறீர்கள் என்று கேட்டார். "ஒரு டின், இரண்டு வீடு" என்று அதையும் சொன்னாள். அம்மையார் குறித்துக்கொண்டார்.

"நல்லது. ஆனால் இடம் ஒன்றுதான்," என்றார் அதிகாரி.

"நாங்கள் சிங்கப்பூரில் இரண்டு வருடம் முடித்துவிட்டோம், ஐயா. ஆளுக்கு ஒன்றரை வருடம் அங்கே படித்துவிட்டு, சிங்கப்பூர் வந்து பட்டம் வாங்குகிறோம். வருடா வருடம் இப்படியே அனுப்பினால் எத்தனை பேர் போகலாம்!"

"படிப்பு பால் அல்ல, பெண்ணே."

"பாலையே பங்கு போட முடிகிறதே, ஐயா."

அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். அதிகாரி கைக்குட்டையால் விரலைத் துடைத்தார். துடைப்பதற்கு முன்னால் ஒரு விரலை நாக்கில் வைத்ததை ஜரீனா பார்த்துவிட்டாள்.

அடுத்து பிரிஜெட் போனாள். கதவு மூடிக்கொண்டது; ஜரீனாவோடு நாமும் வெளியேதான்.

திரும்பும் பஸ்ஸில் ஜரீனா கேட்டாள்: "என்னடி கேட்டாங்க?"

"ஒன்றரை வருஷம் போதுமான்னு."

"நீ என்ன சொன்னே?"

"என்னைக் கேக்காம என் மூணு வருஷத்தைப் பாதியாக்க நீ யாருடின்னு மனசுக்குள்ள திட்டினேன். வெளிய, போதும்னேன்."

"கோவமா?"

"ஒன்றரை வருஷத்துக்குக் கோவம். மிச்சத்துக்கு இல்ல."

6

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

ஒன்றில் ஜரீனா மட்டும் போகிறாள். துறைமுகத்தில் பிரிஜெட் கை காட்டும் இடத்தில் வரி நின்றுவிட்டது. இன்னொன்றில் பிரிஜெட் மட்டும் போகிறாள். மகள் போகாத வருத்தத்தில் மஜீத் பாய் ஆணியைக் கையால் தொடவில்லை; கதை அங்கேயே நின்றது. மூன்றாவதில் இருவருமே போகிறார்கள். அது இனிப்பு கூடிப்போய், எழுதும்போதே எறும்பு மொய்த்தது.

ஆனால் கடிதம் வந்தது. அதுவரை உறுதி. ஒரு வியாழக்கிழமை, மஜீத் பாய் கடைக்கு, ஒரே உறை, மேலே இரண்டு பெயரும். (நல்ல சகுனம் என்று துள்ளாதீர்கள். இருவருக்கும் ஒரே தாளில் "இல்லை" சொல்லும் சிக்கனக்கார அதிகாரிகளும் உண்டு.) சேதி கேட்டு பிரிஜெட் மூச்சிரைக்கச் சைக்கிளில் வந்தாள். மஜீத் பாய் பழக்கதோஷத்தில் ஆணியை எடுத்தார்.

"அத்தா! அது கடுதாசி!"

"தெரியும்மா. சும்மா… கையில இருக்கட்டுமேன்னு."

உறையின் ஒரு முனை ஜரீனா கையில், மறு முனை பிரிஜெட் கையில்.

"நீ கிழி."

"நீ கிழிடி."

கிழிக்க மாட்டேன் என்கிறார்கள், கண்ணுகளா. நானும் மாட்டேன். வாக்கு கொடுத்தேனே, இந்தாருங்கள். மெல்லக் கிழியுங்கள், உள்ளே இரண்டு பெண்களின் ஒன்றரை வருடங்கள் இருக்கலாம்.

நீங்கள் படித்து முடிப்பதற்குள் நான் சொல்லிவிடுகிறேன்: உங்கள் வீட்டுப் பிள்ளைகள் தேடும் படிப்பு எந்தக் கடலுக்கு அப்பால் இருந்தாலும் கைக்கு வரட்டும். உங்கள் வாசலில் நிற்கும் தபால்காரர் முகம் மலர்ந்து நிற்கட்டும். உங்கள் அடுப்படியில் பால் பொங்கட்டும். பக்கத்து வீட்டுக்கும் ஒரு தம்ளர் மிஞ்சட்டும்.