கை தவறி, வாய் தவறி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஒரு ரிமோட் விமானம் தரையில் மோதியதிலிருந்து வந்தது என்று சொல்லித் தப்பித்துவிடலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் விமானம் மோதி மூன்று வருடம் ஆகிறது, கதையை இந்த வாரம்தான் உள்ளபடி எழுதுகிறேன். நடுவில் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று நீங்கள் கேட்கலாம். ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்தேன். அது ஒரு முழுநேர வேலை.

அந்த வாக்கியம் இந்தக் கதைக்குள் எங்கோ வரும். எந்த இடத்தில் என்று இன்னும் முடிவு செய்யவில்லை. திங்கட்கிழமைக்குள் என் அக்கா அதைப் படித்தாக வேண்டும் என்பது மட்டும் முடிவாகிவிட்டது.

[தொடக்கம் ஒன்று: நீல வானத்தில் அந்தச் சின்னஞ்சிறு விமானம் வட்டமிட்டு... அடித்தாயிற்று. அன்று வானம் நீலமாக இல்லை. சாயம் போன பனியன் நிறம்.]

[தொடக்கம் இரண்டு: ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர், தன் அறுபதாவது வயதில்... இவர் ஒரு மோசடி. நான்காம் பகுதியில் பிடிபடுவார்.]

[தொடக்கம் மூன்று: தப்பு யாருடையது என்றால்]

மூன்றாவதுதான் சரியான தொடக்கம். அதனால்தான் அதை முடிக்காமல் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

2

அக்காவின் தொழில் பல் செய்வது. பல் மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். அவள் வேலை பார்க்கும் கூடத்தில் அதற்குப் பல் செய்து அனுப்புவார்கள். பீங்கான் பொடியைத் தண்ணீரில் குழைத்து, மெல்லிய தூரிகையால் அடுக்கடுக்காக ஏற்றி, சிறிய சூளையில் சுட வேண்டும். மேல்வரிசை முன்பல்லின் நுனியில் லேசாக வெளிச்சம் ஊடுருவும், கவனித்திருக்கிறீர்களா? அந்த நுனியை வரவழைக்க அவளைவிட்டால் அங்கே ஆள் கிடையாது. பக்கத்துப் பல்லில் காப்பிக் கறை இருந்தால் புதுப் பல்லிலும் அளவாகக் கறை வைப்பாள். அப்படிப்பட்ட கை.

அந்தக் கையால்தான் விடுமுறை நாட்களில் ரிமோட் விமானத்தை வைத்து வித்தை காட்டினாள். ஒன்றரை மீட்டர் இறக்கை. எடையில்லாத மரத்தில் எட்டு மாதம் உட்கார்ந்து அவளே கட்டியது. மேல்பக்கம் மஞ்சள், அடிப்பக்கம் கறுப்புப் பட்டைகள். தூரத்தில் பறக்கும்போது விமானம் நிமிர்ந்திருக்கிறதா கவிழ்ந்திருக்கிறதா என்று தெரிய அதுதான் வழி.

போட்டியில் பறக்கவிடுபவர் விமானத்தின் மீதிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. ஆகவே பின்னால் ஒருவர் தாளோடு நின்று அடுத்த வித்தை என்ன என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். எங்கள் குழுவில் பறக்கவிடுபவருக்குப் பெயர் 'கை'. பின்னால் நிற்பவருக்குப் பெயர் 'வாய்'. அக்கா கை, நான் வாய். சின்ன வயதிலிருந்தே வீட்டில் அப்படித்தான் என்று அவள் சொல்வாள்.

(ஓரக்குறிப்பு: என் பிழைப்பு பிழை திருத்துவது. மருந்துப் பெட்டிக்குள் பொடி எழுத்தில் மடித்து வைத்திருப்பார்களே ஒரு சீட்டு, அதை அச்சுக்குப் போகும் முன் படிப்பேன். மூன்று வேளை என்று இருக்க வேண்டிய இடத்தில் முப்பது வேளை என்று இருந்ததை ஒருமுறை பிடித்திருக்கிறேன். அதே சமயம், கண்ணாடிக் கதவில் 'தள்ளு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் இழுத்துப் பார்க்கிற ஆளும் நான்தான். இந்த இரண்டும் தெரிந்தே அக்கா என்னை வைத்துக்கொண்டாள்.)

3

வித்தை தெரியாதவர்களுக்கு ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். விமானம் நிமிர்ந்து பறக்கும்போது ரிமோட்டின் குச்சியைத் தன் பக்கம் இழுத்தால் மேலே ஏறும், முன்னால் தள்ளினால் இறங்கும். கவிழ்ந்து பறக்கும்போது எல்லாம் தலைகீழ். தள்ளினால் ஏறும். இழுத்தால் தரைக்குப் போகும்.

இறுதிச் சுற்றுக்கான தாளை முந்தின நாள் மாலைதான் தருவார்கள். விமானத்தை வைத்துப் பழகிப் பார்க்கக் கூடாது. அக்கா உள்ளங்கையை விமானமாக வைத்துக்கொண்டு, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே நடந்து நடந்து பதினான்கு வித்தைகளையும் மனப்பாடம் செய்தாள். இது முக்கியம். அவள் மண்டைக்குள் அந்தத் தாள் முழுசாக ஏறியிருந்தது. பிறகு எதற்கு வாய் என்றால், பறக்கும்போது யோசிக்க நேரம் கிடையாது. காதில் விழும் சொல்லுக்குக் கட்டைவிரல் தானாக நகர வேண்டும். இரண்டு வருடம் அப்படித்தான் பழகியிருந்தோம்.

மறுநாள் காலை, மைதானத்தில் மூன்று நடுவர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். பத்து வித்தைகள் அருமையாகப் போயின. பதினோராவதின் நடுவே விமானம் மூன்று மாடி உயரத்தில், கறுப்புப் பட்டைகள் வானத்தைப் பார்க்க, கவிழ்ந்து வந்துகொண்டிருந்தது. அங்கே சொல்ல வேண்டிய சொல் 'தள்ளு'. தாளில் என் கையெழுத்தில் அப்படித்தான் இருந்தது. கண் அதைப் படித்தது. வாயிலிருந்து வந்த சொல் அது இல்லை.

[இங்கே அந்த வாக்கியம் வர வேண்டும். இடம் விட்டிருக்கிறேன்.]

ஒரு நொடிகூட ஆகவில்லை. சத்தம் பெரிதாக இல்லை. முறத்தைத் தரையில் அறைந்த மாதிரி. அக்கா ரிமோட்டை மெதுவாகப் புல்லில் வைத்தாள். இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கை தவறிடுச்சுடா" என்றாள்.

அவளுக்கு நினைவில் இருந்தது மனப்பாடம் செய்த சொல். நான் 'தள்ளு' என்று சொன்னதாகவும், தன் விரல்தான் இழுத்துவிட்டதாகவும் அவள் முழுமனதாக நம்பினாள். மறுத்துப் பேச எனக்கு அதிகபட்சம் அரை நிமிடம் இருந்தது. அந்த அரை நிமிடத்தில் நான் சொன்னது இது:

"பரவாயில்லக்கா. யாருக்கும் நடக்கறதுதான்."

என் தப்புக்கு நான் அவளை மன்னித்தேன். இதை எழுதும்போது முகம் சுடுகிறது.

4

பேருந்து ஓட்டுநரிடம் வருவோம். போன மாதம் இந்தக் கதையின் முதல் பிரதியை எழுதினேன். அதில் விமானம் ஓட்டுபவர் ஓய்வுபெற்ற ஓட்டுநர், பின்னால் நிற்பவர் அவருடைய பழைய நடத்துனர். திடீரென்று ஒரு காற்று அடித்து விமானம் விழுகிறது. நடத்துனர் கண்ணீரோடு நண்பரை அணைத்துக்கொள்கிறார். எழுதும்போது எனக்கே கொஞ்சம் தொண்டை அடைத்தது; மோசமான எழுத்துக்கு அது ஓர் அறிகுறி.

நான் எழுதும் எதுவும் அக்கா படிக்காமல் வெளியே போனதில்லை. இதையும் கொடுத்தேன். பென்சிலோடு படித்தாள். காற்று வரும் பத்தியில் 'நம்பல' என்று எழுதியிருந்தாள். ஓட்டுநரின் விரல்களை வர்ணித்த இடத்தில், 'என் கைய எடுத்து இவருக்குக் குடுத்திருக்க' என்று. கடைசிப் பக்கத்தில் கொஞ்சம் நீளமாக:

'அந்த நடத்துனர் ரொம்ப நல்லவரா இருக்காரு. ஒரு மனுஷன் இவ்ளோ நல்லவனா இருந்தா போரடிக்கும்டா. அவருக்கு ஒரு தப்பாவது குடு.'

வேலைக்காகப் பல்லாயிரம் பிழைகள் படித்திருக்கிறேன். யாரும் என்னிடம் பிழையைச் சேர்க்கச் சொன்னதில்லை.

5

திங்கட்கிழமை ஏன் என்று சொல்ல வேண்டும்.

விமானம் போனதில் அக்கா ஒரு வாரம் சோர்ந்திருந்தாள். அது பெரிய விஷயமில்லை. மரம்தானே, மறுபடி கட்டலாம். ஆனால் அவள் தன் கையைக் கண்காணிக்கத் தொடங்கினாள். நாலு மாதம் கழித்து வேலையிடத்தில் ஒரு பல் நழுவி விழுந்து உடைந்தது. அங்கே எல்லார் கையிலிருந்தும் பல் விழும். கீழே ரப்பர் விரிப்பு போட்டிருப்பதே அதற்குத்தான். அக்கா மட்டும் அதை இரண்டாவது சாட்சியாக எடுத்துக்கொண்டாள். நரம்பு மருத்துவரைப் பார்த்தாள். கையில் ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாமலா சொன்ன பேச்சைக் கேட்காமல் போகும் என்று என்னிடம் கேட்டாள். நான் தலையாட்டினேன். எப்படி ஆட்டினேன் என்று இப்போது நினைவில்லை.

பிறகு அவளாகவே பீங்கான் மேசையிலிருந்து எழுந்துகொண்டாள். இரண்டு வருடமாக முன்னறையில் உட்கார்ந்து, வரும் அளவுகளைச் சரிபார்த்து, முடிந்த பற்களைச் சின்னப் பெட்டிகளில் போட்டு அனுப்புகிறாள். அவளுடைய பழைய மேசையை முதலாளியம்மா யாருக்கும் தராமல் வைத்திருந்தார். இனி முடியாது. திங்கட்கிழமை புது ஆள் வருகிறார். வேண்டுமென்றால் அதற்குள் வந்து உட்கார், இல்லாவிட்டால் மேசை அவருக்கு என்று சொல்லிவிட்டார். உன் கைமேல் எனக்குச் சந்தேகமில்லை, உனக்குத்தான் இருக்கிறது என்றும் சொன்னாராம். வேண்டாம் என்று சொல்லப் போவதாக அக்கா புதன்கிழமை போனில் சொன்னாள். சாதாரணமாக, பால் தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொன்னாள். வியாழக்கிழமை நான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நேரில் போய்ச் சொல்லாமல் கதை எதற்கு? நியாயமான கேள்வி. நேரில் என் வாயை நான் நம்புவதில்லை என்று எழுதி, கெட்டிக்காரத்தனமாக இருக்கிறதே என்று அடித்துவிட்டேன். பயம் என்பதுதான் சரி. சொன்னால் அவளுக்குக் கை திரும்பக் கிடைக்கும். தம்பி போய்விடுவான்.

6

மூன்று முடிவுகளை யோசித்து வைத்திருந்தேன்.

முதலாவதில் அக்கா மறுபடி விமானம் கட்டி, அதே மைதானத்தில் ஜெயிக்கிறாள். கைதட்டல். வேண்டாம், இதற்கு அந்தக் காற்றே தேவலாம்.

இரண்டாவதில், அவளுக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும்; தம்பிக்காகத் தெரியாததுபோல் இருந்திருக்கிறாள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான். படுத்துக்கொண்டு பலமுறை யோசித்திருக்கிறேன். இதில் நான் எதுவுமே செய்ய வேண்டியதில்லை.

மூன்றாவதில் நான் சொல்லாமலே விட்டுவிடுகிறேன். அவள் பெட்டிகள் கட்டியே ஓய்வு பெறுகிறாள். நல்ல வேலைதான், யாரும் குறை சொல்ல முடியாது. மூன்று வருடமாக நடந்துகொண்டிருப்பது இந்த முடிவுதான் என்பது எழுதிப் பார்த்தபோது தெரிந்தது.

ஆகவே இனி இடம் விட முடியாது.

அக்கா, அன்றைக்கு நான் 'தள்ளு' என்று சொல்லவில்லை, 'இழு' என்று சொன்னேன். உன் கை நான் சொன்னதைத்தான் செய்தது.

7

இந்தப் பகுதியை அக்கா படிக்கவில்லை. நான் எழுதியதில் அவள் படிக்காதது இது ஒன்றுதான்.

முதல் ஆறு பகுதிகளையும் சனிக்கிழமை மதியம் எடுத்துக்கொண்டு போனேன். அக்காவின் கணவர் தங்கள் மகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப் போயிருந்தார். அக்கா சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, பென்சில் சீவிக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் பகுதியில் பனியனுக்குச் சிரித்தாள். இரண்டாம் பகுதியில் என் கண்ணுக்குத் தப்பியிருந்த ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்தினாள்.

மூன்றாம் பகுதியில் நின்றாள். திரும்ப மேலே போய், மறுபடி படித்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"பரவாயில்லன்னு சொன்னியே," என்றாள், தாளைப் பார்த்தபடியே. "அப்பவே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

மேலே எதுவும் கேட்காமல் நான்கு, ஐந்து, ஆறு என்று வரிசையாகப் படித்தாள். மன்னிப்புக் கேட்க நான் வாயெடுத்தபோது, இன்னும் படித்து முடிக்கவில்லை என்று கையமர்த்தினாள். கடைசியில் அந்த வாக்கியத்துக்கு வந்ததும் அதைப் பென்சிலால் சுற்றி வளைத்தாள். தாள்களை ஒழுங்காக அடுக்கி, வளைத்த இடத்திலிருந்து முதல் பக்கத்தின் தலைமாட்டுக்கு அம்புக்குறி போட்டாள். தாள் மாறும் இடங்களில் கோடு விட்டுப்போகாமல் கவனமாக இழுத்தாள்.

"இது முதல் வரியா வந்திருக்கணும்" என்றாள்.

பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிறாளா, யாருக்காவது போன் பேசுகிறாளா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, வெளிக்கதவைச் சத்தமில்லாமல் மூடிக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து அவள் சொன்னபடி மாற்றிப் பார்த்தேன். அந்த வாக்கியத்தை முதல் வரியாக வைத்தால் மற்ற எதற்கும் வேலையில்லை. ஓட்டுநர் வேண்டாம், மூன்று தொடக்கங்கள் வேண்டாம், ஓரக்குறிப்பு வேண்டாம், மூன்று வருடமும் வேண்டாம். கதை ஒரே வரியில், மைதானத்தில் நின்றபடியே முடிந்துவிடுகிறது. அவள் சொன்னது கதையைப் பற்றி இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வாக்கியத்தை அது இருந்த இடத்திலேயே விட்டிருக்கிறேன். காலம் கடந்து சொன்னது காலம் கடந்தே இருக்கட்டும்.

எனக்கு இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலை. நீங்கள் படிக்கும்போது திங்கட்கிழமை எப்போதோ போயிருக்கும். பீங்கான் மேசையில் யார் உட்கார்ந்தார்கள் என்பதை நான் எழுதப் போவதில்லை. அவளுடைய முடிவுகளை எழுதுகிற உரிமையை மூன்று வருடம் கேட்காமலே வைத்திருந்தேன், போதும். முடிவு இல்லாமல் கதை பிடிக்காது என்பவர்கள் நீங்களே ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். மேசையை அவளுக்குக் கொடுங்கள், விமானம் வேண்டுமானாலும் கட்டிக் கொடுங்கள். அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று மட்டும் எழுதாதீர்கள். அதை அவள் சொல்லவில்லை.