சின்ன உடுப்புகள் வராத வாரம்

என் கணவர் ஷிஃபான் வளைகுடாவில், ஓர் அமெரிக்கப் படைத்தளத்தில் உடுப்புத் துவைக்கும் லோண்ட்ரியில் ஐந்து வருடமாக வேலை செய்கிறார். செவ்வாய் மத்தியானம் அழைத்தபோது என் மாப்பிள்ளையின் குரலில் சந்தோஷம் இருந்தது.

"வேலை கொறஞ்சிட்டு மபாஸா. ஆபீசர்மார்ட பெண்டாட்டி புள்ளைங்க எல்லாம் ஊருக்குப் போயிட்டாங்க. ஒரு வாரமா சின்ன உடுப்பே வரல்ல. கம்பனி இன்னும் ஒரு வருசத்துக்கு சைன் வெக்கச் சொல்றான்."

அமெரிக்க வெளியுறவுக் கொள்கை வீட்டிலிருந்தே நான் படிக்கும் வெளிவாரிப் பட்டத்துக்கு ஒரு பாடம். ஜனாதிபதி, பாதுகாப்புச் சபை, தளபதிகள், யார் யாரிடம் கேட்டு எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று மாதக்கணக்காக வாசித்திருக்கிறேன். அவர்கள் கூடும் அறைக்குள் பேசியது வெளியே வர முப்பது வருடமாவது ஆகும். ஆனால் போர் வரலாம் என்று நினைத்தால், தங்கள் பெண்களையும் பிள்ளைகளையும் முதலில் அனுப்பிவிடுவார்கள். உடுப்புத் துவைப்பவர்களைப் பற்றி நான் வாசித்த எந்தப் பக்கத்திலும் ஒரு வரி இல்லை.

"என்ன, லைன் கட்டாயிட்டா?"

"இல்ல. சைன் வெக்காதீங்க. வந்துருங்க."

"ஏன்? இஸ்திகாரா தொழுதியா?"

கல்யாணமோ காணியோ பயணமோ, இரண்டு ரக்அத் தொழுது அல்லாஹ்விடம் கேட்டு, மனம் சாயும் பக்கம் போவது எங்கள் வழக்கம். புத்தகத்தில் படித்தது என்றால் அவர் சிரிப்பார். போன மாதம்தான், "பரீட்சையே எழுதல்ல, அதுக்குள்ள பென்டகன்ல வேலையா?" என்று கேட்டார்.

"தொழுதேன்," என்றேன். "மனசு இருண்டு போச்சு."

அவர் சிரிக்கவில்லை. "சரி, வாறேன்."

சனிக்கிழமைக்கு டிக்கட் கிடைத்தது. வியாழன் காலையில் பக்கத்து வீட்டு மஸூதா வந்தாள். அவள் மாப்பிள்ளை புஹாரியும் அதே லோண்ட்ரிதான்.

"ராத்தா, ஒங்களுக்கு இஸ்திகாரா நல்லா வரல்லயாமே, இவர் சொன்னாரு. நானும் தொழுதேன். எனக்கு மனசு குளுந்து போச்சு. இவரு இன்னைக்கு அஸர் தொழுகைக்குப் பொறகு சைன் வெக்கிறாரு."

வாசலுக்கு முன்னால், பலாபத்வலைப் பாதையில் யாழ்ப்பாணம் பஸ் ஒன்று போனது. பிறகு இன்னொன்று. நான் கொடுத்த தேத்தண்ணீரை அவள் குடித்து முடித்தாள். இஸ்திகாராவில் கிடைக்கும் பதில் ஆளுக்கு ஆள் வேறு. என் மனம் இருண்டது என் வீட்டுக்கு மட்டும்தான். உண்மைக் காரணத்தைச் சொல்லியிருந்தால் அது இரண்டு வீட்டுக்கும் பொருந்தியிருக்கும்.

"மஸூதா, நான் தொழவே இல்ல."

படைத்தளத்திலிருந்து குடும்பங்கள் ஏன் போயின என்று சொன்னேன். புத்தகத்தை விரித்து, கோடு போட்டிருந்த பக்கத்தை அவள் முன்னால் வைத்தேன். அவள் அதைப் பார்க்கவில்லை.

"அல்லாஹ்ட பேரச் சொல்லி ஷிஃபான் நானாக்குப் பொய் சொன்னீங்களா?"

"அது என் பாவம். நீ புஹாரிக்கு இதச் சொல்லு. அஸருக்கு முந்திச் சொல்லு."

அவள் அங்கேயே போனை எடுத்துப் புஹாரியை அழைத்தாள்.

"கேட்டீங்களா? ராத்தா தொழவே இல்லயாம். ஓம், சும்மா சொன்னதாம். ஏதோ புத்தகமாம். நீங்க யோசிக்காம சைன் வெயிங்க. ஷிஃபான் நானாட்டயும் சொல்லுங்க, டிக்கட்ட கென்சல் பண்ணட்டும்."