பின்னால் இருக்கும் சுவர்

"சுவரு ஓதம் அடிச்சிருக்கு," என்றார் அப்பா, டிவியைப் பார்த்தபடி.

"சுவரை விடுங்க. யாரு வந்தா?" என்றாள் அம்மா.

"ஒரு பொண்ணு. கையில ஏதோ பை. இந்த ஈர ஓதத்து மேல நேரா எனாமல் அடிச்சு வெச்சிருக்கான் பாரு. ஒரு மழைக்குத் தாங்காது, உப்பிக்கிட்டு வந்துரும்."

அந்தப் பெண் கையில் வைத்திருந்தது பை அல்ல, போர்வையில் சுற்றிய குழந்தை. அப்பா அதைக் கவனிக்கவேயில்லை. ஆயுள் முழுக்க அடுத்தவர் வீட்டுச் சுவர்களுக்கு வண்ணம் அடித்த மனிதர். படங்களில் நடிகர்கள் வந்து நிற்பதே சுவரை மறைப்பதற்குத்தான் என்று அவருக்கு ஓர் எண்ணம். கொஞ்ச நேரத்தில் குழந்தை வீறிட்டு அழுதது. "பையா அழுவுது?" என்று அம்மா கேட்டாள். அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அட, குழந்தை!" என்றார். அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் அப்போதே முடிவு செய்துவிட்டேன், இவரை நம்பி இவளைப் படம் பார்க்க விடக்கூடாது என்று.

கேபிள் இணைப்பைத் துண்டித்துவிட்டு ஓடிடிக்கு மாறிவிடலாம் என்று சொன்னது நான்தான். விடுமுறைக்கு வந்திருந்தேன். மூன்று ஓடிடிகளைச் சில நாள் இலவசமாகப் பார்க்க முடிந்தது. மூன்றையும் டிவியில் ஏற்றி, எது பிடிக்கிறதோ அதற்குச் சந்தா கட்டிவிட்டு ஊருக்குத் திரும்புவதாகத் திட்டம். மூன்றுமே இருக்கட்டுமே என்றதற்கு அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "மூணு கடை ஏறி இறங்குனா சாமான் வாங்குறதுக்குள்ள பொழுது சாஞ்சிரும். ஒண்ணு போதும்," என்றுவிட்டாள். முதலாவதில் புதுப்படங்கள் வந்த சூட்டோடு வந்துவிடும். இரண்டாவதில் பழைய படங்கள் கொட்டிக் கிடந்தன. மூன்றாவது பார்க்க ஏழை வீடு மாதிரி இருந்தது, படங்கள் குறைவு, தேடுவதும் சிரமம். ஆனால் அதில் ஒரு குரல் இருந்தது. வசனம் இல்லாத இடங்களில், திரையில் என்ன நடக்கிறது என்று தெளிவான தமிழில் சொல்லும் ஒரு பெண்குரல். பார்வையில்லாதவர்களுக்காகச் செய்திருக்கிறார்கள். 'அவள் கதவைத் திறக்கிறாள். வெளியே யாரும் இல்லை. படிக்கட்டில் ஒரு செருப்பு மட்டும் கிடக்கிறது.' தற்செயலாக அது ஓடியதும் அம்மா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். அப்பா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

அம்மாவுக்குக் கண் நரம்பு காய்ந்துகொண்டே வந்து, இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் மிச்சம். டிவி எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியும், அதில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. ஓய்வு பெறும்வரை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் டெலிபோன் போர்டில் இருந்தவள். வெளியிலிருந்து வரும் அழைப்பை வாங்கி வார்டுக்கும் டாக்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் வேலை. 'ஹலோ' என்று ஒருவர் சொல்வதிலேயே அந்தப் பக்கம் பிரசவமா, விபத்தா, வெறும் விசாரிப்பா என்று கண்டுபிடித்துவிடுவாள். சின்ன வயதில் நான் காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு போட முடிந்ததே இல்லை. பார்வை போனதற்காக அவள் உட்கார்ந்து அழுது நான் பார்த்ததில்லை. படம் பார்க்க முடியாததற்குத்தான் முதலில் வருத்தப்பட்டாள். அதனால்தான் அப்பா சொல்ல ஆரம்பித்தார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, சுவர் சுவராகச் சொன்னார்.

சாயங்காலம் அப்பா என்னைப் பின்கட்டுக்கு ஜாடை காட்டிக் கூப்பிட்டார். அங்கே தகர டப்பாவில் பிரஷ்கள் ஊறிக்கொண்டிருந்தன. இப்போது பெரிய வேலைகளுக்குப் போவதில்லை. கேட், கிரில் என்று தெரிந்தவர்கள் கூப்பிட்டால் மட்டும் போகிறார்.

"அந்த மூணாவது வேணாம்மா," என்றார்.

"ஏம்ப்பா? அம்மாவுக்காகவே செஞ்ச மாதிரி இருக்கு."

"நல்லாத்தான் இருக்கு." ஒரு பிரஷை எடுத்துத் தட்டிவிட்டு மறுபடியும் ஊறப் போட்டார். "அந்தக் கப்பல் சமையல்காரர் படம் இருக்குல்ல, அது அதுல இருக்கு. உங்கம்மா அதைத்தான் போடச் சொல்லுவா. அவளுக்கு அந்தப் படம்னா உசிரு."

எனக்கும் தெரிந்த படம்தான். கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்ற கிழவர், வெளிநாட்டிலிருந்து வரப்போகும் மகளுக்காகக் காத்திருப்பார். மகள் வந்து கதவைத் தட்டும்போது, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துப்போயிருப்பார். கடைசிக் காட்சியில் ஒரு வசனமும் கிடையாது.

"அவ அதுல கிழவன் சாகலைன்னு நினைச்சிட்டு இருக்கா," என்றார் அப்பா. "அசதியில தூங்குறாரு, பொண்ணு எழுப்பாம பக்கத்துல உக்காந்துக்குதுன்னு சொல்லிட்டேன்."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். அப்பா பொய் சொல்வார் என்பதே எனக்குப் புதிது.

"அன்னைக்குத்தான் கண் டாக்டர் இனிமே பண்றதுக்கு ஒண்ணுமில்லேன்னு கையை விரிச்சாரு. வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டா இந்தப் படம். கடைசியில இந்தாளு சாகுறான். ஒரே நாள்ல எத்தனையத்தான் அவ தலையில எறக்குறது? வாயில வந்துருச்சு, தூங்குறாருன்னு."

"ஒரு தடவைதானே?"

"எங்க? ஒருத்தனைத் தூங்க வெச்சிட்டு இன்னொருத்தனைச் சாகடிச்சா நல்லாவா இருக்கும்? அப்புறம் எல்லாப் படத்துலயும் எல்லாருமே தூங்கிட்டாங்க." சிரிக்கப் போனவர் இருமினார். சுவரைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, வெகுநேரம் இருமினார். நான் முதுகைத் தடவினேன். எலும்பு கையில் தட்டுப்பட்டது. "பெயிண்ட் உரசுற தூசி," என்றார் நிமிர்ந்து. "நீ அந்தப் பழைய படம் இருக்கிறதைப் போட்டுரு. அவ எல்லாம் பார்த்த படம். யாரும் எதுவும் சொல்ல வேண்டியது இல்ல."

எனக்கு அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனேன்.

கூடத்தில் விளக்கு போட்டிருந்தது. அம்மா துவைத்த துணிகளை மடியில் வைத்துத் தடவித் தடவி மடித்துக்கொண்டிருந்தாள். நான் ரிமோட்டை எடுத்ததும், "எதைப் போடுற?" என்றாள்.

"ரெண்டாவது. பழைய படம் எல்லாம் இருக்கு. உனக்குக் கதை தெரியும், பாட்டு தெரியும், அப்படியே கண்ணு முன்னால ஓடும்."

"ஓடும், ஓடும். பார்த்ததையே திருப்பித் திருப்பிப் பார்க்க எனக்கு என்ன பரீட்சையா வருது? அந்தப் பொண்ணு பேசுதே, அதைப் போடு."

பின்னாலேயே வந்த அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். "அது எதுக்கு? நான் சொல்றது பத்தலையா?" என்றார். விளையாட்டாகக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். ஆனால் கடைசிச் சொல்லில் குரல் இறங்கிவிட்டது.

"பத்தாம என்ன? ஊர்ல எந்த வீட்டுல ஓதம், எந்த வீட்டுல விரிசல்னு நீங்க சொல்லித்தானே எனக்குத் தெரியும்," என்றாள் அம்மா. மடித்த துண்டை அடுக்கின் மேல் வைத்தாள். "நம்ம வீட்டு டிவியில யாருமே சாக மாட்டேங்குறாங்க. அதுதான் எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

அப்பா என்னை முறைத்தார். நான் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினேன்.

"அவளை ஏன் பார்க்குறீங்க? அவ ஒண்ணும் சொல்லல. துப்பாக்கியால சுட்ட உடனே தூங்கிப்போன வில்லனை நீங்கதானே எனக்குக் காட்டுனீங்க? சுத்தி நின்னு அத்தனை பேரும் ஒப்பாரி வெக்குறாங்க, நீங்க பாட்டுக்குப் பாட்டி தூங்குறாங்கன்றீங்க. அந்தப் பாட்டிக்கு அப்படி என்ன தூக்கம்?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்பாவும் சிரித்துவிட்டார். மாட்டிக்கொண்ட பிள்ளையின் சிரிப்பு. அதுவே இருமலாக மாறியது, நிற்கவில்லை. நான் தண்ணீர் எடுக்க எழுந்தேன். அம்மா கையை நீட்டி என்னை உட்காரச் சொன்னாள். அவள் துணியைக் கீழே வைத்துவிட்டு, முகத்தை அவர் பக்கம் திருப்பி, கடைசி இருமல் வரைக்கும் கேட்டாள். போர்டில் உட்கார்ந்திருந்த காலத்தில் அவள் முகம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது.

"முன்னெல்லாம் ஒரு சுவருக்கு அவ்வளவு சொல்லுவீங்க," என்றாள். "என்ன கலரு, எத்தனை கோட்டு, பட்டி பார்த்தானா பார்க்காம அடிச்சானான்னு. போதும் விடுங்கன்னு நானே சொல்லணும். இப்பல்லாம் ரெண்டே வரி. ஓதம், எனாமல்னுட்டு நிறுத்திக்கிறீங்க. படத்துல சுவரைக் கொறைச்சிட்டாங்க போலன்னு நினைச்சேன். அது இல்ல. உங்களுக்கு மூச்சு கொறைஞ்சு போச்சு."

"தூசிம்மா..."

"தூசிதான்னு சொன்ன எத்தனை பேருக்கு நான் வார்டுக்கு லைன் குடுத்திருக்கேன்." அம்மாவின் குரல் உயரவில்லை. "படுத்தா மூச்சு முட்டுதுன்னு உக்காந்தே தூங்குறீங்க. எனக்குக் கண்ணுதானே தெரியாது. நாளைக்கு மூணு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போறோம். அதுல பேச்சே இல்ல."

அப்பா விரல் நகத்தில் காய்ந்திருந்த கறுப்புப் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் போனில் வாரம் தவறாமல் பேசியிருக்கிறேன். 'எப்படிப்பா இருக்கீங்க' என்று கேட்டால் 'எனக்கென்ன' என்பார். அதோடு போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவார். மூச்சு வாங்குவது எனக்குத் தெரியக்கூடாது என்றுதான் அப்படிக் கொடுத்தார் என்பது இப்போதுதான் புரிந்தது. பயமாக இருந்தது.

அம்மா கையை நீட்டித் துழாவினாள். அப்பா தன் கையைக் கொண்டுபோய் அதில் வைத்தார்.

"நீங்க ஒரு நாள் தூங்கிட்டீங்கன்னா எனக்கு யாரு சொல்லுவா?" என்றாள்.

அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் என்ன அர்த்தம் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

"அதனாலதான் அந்தக் குரலைக் கேக்குறேன். நீங்க பக்கத்துல இருக்கும்போதே பழகிக்கிறேன். இல்லாதப்ப புதுசாப் பழக என்னால ஆகாது." பிறகு என் பக்கம் திரும்பி, "போடு பாப்பா. கப்பல் சமையல்காரர் படத்தைப் போடு," என்றாள்.

நான் மூன்றாவதற்குச் சந்தா கட்டினேன். அப்பா எதையும் தடுக்கவில்லை.

படம் ஓடியது. 'துறைமுகம். மூடுபனி. ஒரு முதியவர் மீன்கூடையுடன் நடந்து வருகிறார்,' என்றது குரல். நிதானமான, சலனமில்லாத குரல். கூடையைக் கூடை என்றும் குழந்தையைக் குழந்தை என்றும் சரியாகச் சொல்கிற குரல். அம்மா தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். புதிதாக ஏதாவது தெரிய வந்தால், "ஓ, அவருக்குத் தாடி இருக்கா? நீங்க சொல்லவேயில்லையே," என்பாள். அப்பா அசடு வழிவார். அப்பா ஒன்றும் பேசுவதில்லை என்று தீர்மானித்துவிட்டவர்போல உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தார். ஆனாலும் ஒவ்வொரு புது அறை வரும்போதும் அவர் உதடு தன்னால் அசைந்தது. முதல்முறை அந்தக் குரல் கேட்டதும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனவர், இப்போது நாற்காலியை விட்டு நகரவில்லை.

கடைசிக் காட்சி நெருங்கியது. ஜன்னல், நாற்காலி, வெளியே கடல் சத்தம். அப்பாவின் இன்னொரு கை மெல்ல ரிமோட்டை நோக்கிப் போனது. அது மேசையில் உரசிய சின்னச் சத்தம்தான். அம்மா உள்ளங்கையை விரித்து நீட்டினாள். அவர் ரிமோட்டை அதில் வைத்துவிட்டார்.

'முதியவர் நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். கையிலிருந்து கோப்பை நழுவித் தரையில் உருள்கிறது. அவர் கண்கள் திறந்திருக்கின்றன. அவர் இறந்துவிட்டார்.'

கதவு தட்டும் சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, அவள் துடைக்கவில்லை. தெரிந்த ஒன்றாக இருந்தாலும், சொல்லிக் கேட்பது வேறு.

"பின்னாடி சுவரு?" என்றாள்.

அப்பா நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார். இருமலை விழுங்கிக்கொண்டார்.

"பச்சை," என்றார். "வெளிர்பச்சை. ரெண்டு கோட்டு அடிச்சிருக்கான், நல்ல வேலை. ஜன்னல் ஓரமா..."

மூச்சு அதற்கு மேல் வரவில்லை. திரையில் மகள் கதவைத் திறந்து உள்ளே வந்துவிட்டாள், குரல் அடுத்ததைச் சொல்லத் தொடங்கிவிட்டது. அம்மா ரிமோட்டில் தடவித் தேடி அதன் ஒலியைக் குறைத்தாள். டிவி இருந்த பக்கமிருந்து முகத்தைத் திருப்பி, அப்பாவின் மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, ஜன்னல் ஓரமாக என்ன இருக்கிறது என்று அவர் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.