குப்பை இல்லாத வீடு

கனகவல்லிக்குப் பரிசு கிடைத்தது என்று சொன்னால் அது பொய். பரிசு கிடைத்தது வீட்டுக்கு. வீடு என்றால் அவள் புருஷன் பக்தவத்சலம்.

பூனாவில், கோந்த்வா பக்கம் அவர்கள் குடியிருக்கிற அடுக்குமாடி சொசைட்டியில், ஈரக் குப்பையை உரமாக்கும் மெஷின் வாங்கி வைத்த நாளிலிருந்தே ரகளை. போடுகிற சோறும் ரொட்டியும் தாங்காமல் அது நாறியது. நாற்றம் தாங்காமல் கீழ்த்தளத்துக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். பாங்க் மேனேஜராக இருந்து ரிடையர் ஆன பக்தவத்சலம் சும்மா இருப்பாரா? ஒரு கமிட்டி போட்டார், தானே தலைவரானார். வீட்டுக்கு ஒரு பச்சை டப்பா, தினமும் காலையில் கீழே எடை, மாதக் கடைசியில் குறைவாக வீணடித்த வீட்டுக்கு ஷீல்டு என்று எல்லாம் அவர் ஏற்பாடு. கடைசியில் அந்த ஷீல்டு அவர் வீட்டுக்கே வந்தது. இதில் தில்லுமுல்லு ஒன்றும் இல்லை. அவர் வீட்டு டப்பாவில் வாழைப்பழத் தோலும் முருங்கைக்காய்ச் சக்கையும் தவிர வேறெதுவும் விழுந்ததே கிடையாது.

ஏன் விழவில்லை என்று அவரைக் கேட்டால், "ஒழுங்கு" என்பார். கனகவல்லியை யாரும் கேட்கவில்லை.

பக்தவத்சலத்துக்கு வீட்டில் இரண்டு சட்டங்கள் உண்டு. சாப்பாட்டைக் கொட்டக் கூடாது, அது மகாலட்சுமி, இது முதல் சட்டம். பழசைத் தொடமாட்டேன், இது இரண்டாவது. மத்தியானம் வைத்த சாம்பாரை ராத்திரி ஊற்றினால் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார். "என்ன கனகா, நாக்கே செத்துப்போச்சு" என்று தட்டைத் தள்ளிவிடுவார். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு சட்டமும் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் ஒரே வீட்டில் இரண்டும் நடக்க வேண்டுமென்றால், மிஞ்சியதையெல்லாம் தின்று தீர்க்க நடுவில் ஓர் ஆள் வேண்டுமே!

மூன்றாவது ஒன்றும் இருந்தது. அதை அவர் சட்டம் என்று சொல்லமாட்டார், பெருந்தன்மை என்பார். பரிமாறும்போது கரண்டி பாத்திரத்தின் அடியைச் சுரண்டுகிற சத்தம் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் உடனே தட்டின் மேல் கையை விரித்து, "போதும், உனக்கு வேணுமில்ல" என்று எழுந்துவிடுவார். அப்படி எழுந்தவர் சாயங்காலம் வரை முகத்தை உம்மென்று வைத்திருப்பார். காஞ்சிபுரத்தில் அவர் பிறந்த வீட்டில் ஆண்களுக்கு நிறைந்த பாத்திரத்திலிருந்துதான் போடுவார்களாம். கல்யாணமான புதிதிலேயே கனகவல்லி இதைப் புரிந்துகொண்டாள். அன்றிலிருந்து எதைச் சமைத்தாலும் கொஞ்சம் கூடவே வைத்தாள். அதாவது, மிஞ்சுவதற்கென்றே சமைத்தாள். பூனாவுக்கு மாற்றலாகி வந்து, பிள்ளை தருண் வளர்ந்து, அவனுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. இன்றுவரை அந்தக் கொஞ்சம் எங்கே போகிறது என்று அவர் கேட்டதில்லை.

அவளும் என்னென்னவோ செய்து பார்த்தாள். மிஞ்சின சோற்றை உருளைக்கிழங்கோடு பிசைந்து வடை தட்டினாள். புளித்த மாவில் குணுக்கு போட்டாள். எதிர் வீட்டு மராட்டிக்காரி சொல்லிக்கொடுத்தபடி, நேற்றுச் சப்பாத்தியைப் பிய்த்து வெங்காயம் போட்டுத் தாளித்து வைத்தாள். பக்தவத்சலம் அதை மோந்து பார்த்து, "இது நேத்து சப்பாத்திதானே?" என்றார். தருணுக்கும் அதே மூக்கு. எந்த வேஷம் போட்டு அனுப்பினாலும் எல்லாம் அவளிடமே திரும்பி வந்தது. ஆண்கள் சாப்பிட்டு முடித்ததும், அடுப்படியில் நின்றபடியே, பசி இருக்கிறதா இல்லையா என்று யோசிக்காமல் அவள் விழுங்கினாள். உடம்பு பெருத்தது, சர்க்கரை வந்தது. "நாள் பூரா வீட்லயே உக்காந்திருந்தா இப்படித்தான் ஆகும்" என்றார், தினமும் பார்க்கில் நடந்து ஒல்லியாகவே இருக்கிற பக்தவத்சலம்.

இத்தனைக்கும் கனகவல்லி கோபப்பட்டதில்லை. ஷீல்டு கொடுப்பதற்கு முந்தின நாள், சனிக்கிழமைதான் அவளுக்குக் கோபம் வந்தது.

அன்று மத்தியானம் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனவள், மருமகள் பார்கவி ஃப்ரிட்ஜின் முன்னால் நிற்பதைப் பார்த்தாள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண். கழுத்தில் ஹெட்போன் மாட்டியபடி, நேற்றைய இட்லியை நேற்றைய புளிக்குழம்பில் தொட்டு, நின்றுகொண்டே அவசர அவசரமாக வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். டேபிளில் தருணோடும் மாமனாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டு அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

"என்ன பண்ற?" என்றாள் கனகவல்லி. குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"ஒண்ணுமில்லீங்க அத்தை. ரெண்டு இட்லிதான் கெடந்துச்சு. வீணாப் போயிருமல்லங்க. நாளைக்கு வேற ஷீல்டு குடுக்கறாங்க, டப்பாவுல கெடந்தா மாமா சங்கடப்படுவாரு."

"பசிக்குதா உனக்கு?"

பார்கவி கொஞ்சம் யோசித்தாள். "இல்லீங்க. நீங்க ஒருத்தரே எவ்வளவுதான் சாப்புடுவீங்க? அதான் நானும் கொஞ்சம்..."

கனகவல்லி அந்தக் கிண்ணத்தை வாங்கி மேடையில் வைத்தாள். இந்தப் பெண்ணை யாரும் வற்புறுத்தவில்லை, யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வருஷம் இந்தச் சமையலறையில் மாமியாரைப் பார்த்தே கற்றுக்கொண்டுவிட்டாள். ஆத்திரம் பொங்கி வந்தது. பார்கவிமேல் இல்லை. தின்னாத சாப்பாட்டுக்கு ஷீல்டு வாங்கப் போகிற மனுஷன்மேல், அப்புறம் தன்மேலும்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளப் ஹவுஸில் கூட்டம். பக்தவத்சலம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மேடையில் பேசினார். இந்தியில் ஆரம்பித்து, இங்கிலீஷில் புகுந்து, நடுவில் நாலு மராட்டி வார்த்தை தூவினார். உணவு வீணானால் நாடு வீணாகும் என்றார். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஒரு பருக்கை கொட்டியதில்லை என்றார். கைதட்டினார்கள். அந்த உற்சாகத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கனகவல்லியைக் காட்டி, "சாப்பாடு எங்கே போகிறது என்று சந்தேகமா? என் மனைவியைப் பாருங்கள், தெரியும்" என்று சிரித்தார். ஹால் முழுக்கச் சிரித்தது. பக்கத்தில் இருந்த தருணும் சிரித்தான்.

அதோடு விட்டாரா? மிஞ்சியதை வைத்துச் செய்கிற பட்சணங்களைப் பற்றி நாலு வார்த்தை சொல்லட்டும் என்று மைக்கை அவள் கையில் கொடுத்துவிட்டார்.

கனகவல்லியின் இந்தி காய்கறிக்காரனோடு பேரம் பேசப் போதுமான இந்தி. இருந்தாலும் எழுந்து நின்று தெளிவாகவே பேசினாள். ரகசியம் ஒன்றும் இல்லை என்றாள். வீட்டில் ஆண்கள் சூடாகச் சாப்பிடுகிறார்கள், மிஞ்சியதை மறுநாள் நான் சாப்பிடுகிறேன் என்றாள். கடைசியில், "ஹமாரே கர் கா டஸ்ட்பின் மை ஹூம்" என்று முடித்தாள். எங்கள் வீட்டுக் குப்பைத்தொட்டி நான்தான்.

உடனே போன தடவையைவிடப் பெரிய சிரிப்பு. விழுந்து விழுந்து சிரித்தார்கள். பின்வரிசையில் ஒரு பெண் கையை உயர்த்தி, "எங்க வீட்டிலும் நான்தான்!" என்று இந்தியில் கத்தினாள். அதற்கும் சிரிப்பு. பலமாகச் சிரித்ததெல்லாம் பெண்கள். கனகவல்லிக்குக் காது இரண்டும் சூடேறியது. உள்ளதைச் சொன்னேன், தமாஷ் ஆக்கிவிட்டார்களே பாவிகள், என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே உட்கார்ந்தாள். பார்கவி மட்டும் சிரிக்காமல் மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லிஃப்டில் பக்தவத்சலம் ஷீல்டைக் கக்கத்தில் இடுக்கியபடி, "பரவாயில்லையே, நல்லா காமெடியா பேசினே" என்றார். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

கனகவல்லி வீட்டுக்கு வந்ததும் புடவையை மாற்றாமலே சமையலறைக்குப் போனாள். நாலு பேருக்குச் சரியாக அரிசி களைந்து வைத்தாள், ஒரு பிடிகூடக் கூடுதல் இல்லை. புதுசாகக் குழம்பு வைக்கவில்லை. ஃப்ரிட்ஜிலிருந்து நேற்றுக் காலை வைத்த கத்தரிக்காய்ச் சாம்பாரையும் பீன்ஸ் பொரியலையும் எடுத்து நன்றாகக் கொதிக்கவிட்டாள். நாலு தட்டு வைத்து நாலிலும் சமமாகப் போட்டாள். ஒரு தட்டின் முன்னால் தானே உட்கார்ந்தாள். அவர்களோடு ஒரே நேரத்தில் அவள் சாப்பிட உட்கார்ந்ததைத் தருண் ஏதோ விபத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

பக்தவத்சலம் ஒரு வாய் வைத்தார். நிறுத்தினார்.

"இது நேத்து சாம்பார்."

"ஆமாங்க."

"ஞாயித்துக்கிழமை அதுவுமா? ஒரு ரசமாவது வைக்கக் கூடாதா?"

"நேத்து வெச்சது இருக்குதே. கெட்டுப் போகல, கொதிக்க வெச்சிருக்கேன். அதைத்தான் நானும் சாப்பிடறேன், பார்கவியும் சாப்பிடறா."

"எனக்கு வேணாம்" என்று அவர் தட்டைத் தள்ளினார். தள்ளிவிட்டு, வழக்கம்போலக் கனகவல்லி அதை எடுத்துக்கொள்வாள் என்று காத்திருந்தார். அவள் தலை நிமிரவில்லை. சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"மாமா, குடுங்க, நானு..." என்று பார்கவியின் கை நீண்டது. கனகவல்லி எட்டி அந்தக் கையைப் பிடித்தாள். வளையல் அழுந்துகிற அளவுக்குப் பிடித்தாள்.

"நீ தொடக் கூடாது. உன் தட்டுல இருக்கறதைச் சாப்பிடு."

"அப்ப இதை என்ன பண்றதாம்?" என்றார் பக்தவத்சலம்.

"சாப்பிடுங்க. பிடிக்கலைன்னா கொண்டுபோய்க் கொட்டுங்க. டப்பா சிங்குக்குக் கீழ இருக்கு."

"நானா? கொட்டறதா?" என்று கேட்டார், ஏதோ கெட்ட வார்த்தை காதில் விழுந்ததுபோல. "என்ன பேச்சு பேசற கனகா? மகாலட்சுமியைக் கொட்டச் சொல்றியா?"

"இத்தனை வருஷமா என் தொண்டையிலதாங்க கொட்டினீங்க!" அவள் இதை உரக்கச் சொன்னாள், எதிர் வீட்டுக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று. "பசிக்குதான்னு ஒரு நாள் கேட்டிருப்பீங்களா? வேணாம்னு தள்ளினதையெல்லாம் நின்னுகிட்டே முழுங்கினேன். ஊர்க்காரங்க முன்னால என் உடம்பைக் காட்டிச் சிரிச்சீங்க. இப்ப இந்தப் பொண்ணும் ஆரம்பிச்சுட்டா. கொட்டுங்க. உங்க கையாலயே கொட்டுங்க, பாக்கறேன்."

தருண், "அம்மா, விடுங்களேன்" என்றான். "நீ சாப்பிடுடா" என்றாள் அவள். அவன் குனிந்து சாப்பிட ஆரம்பித்தான்.

பக்தவத்சலம் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். சமையலறை வாசலில் நின்றார். யாராவது கை நீட்டுவார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருவரும் எழவில்லை. உள்ளே போனவர் டப்பாவின் மூடியைக் கழற்றத் தெரியாமல் கொஞ்ச நேரம் தடுமாறியது கேட்டது. பிறகு சோறு தொப்பென்று விழுந்தது.

"நாளைக்குக் கீழ எடை போடுவாங்களே, கனகா" என்றார் உள்ளேயிருந்தே. குரல் இறங்கிப்போயிருந்தது.

"போடட்டும்" என்றாள் கனகவல்லி.

சோறு விழுந்த சத்தத்தில் நெஞ்சு திக்கென்று அடித்துக்கொள்ளும் என்று அவள் நினைத்திருந்தாள். அடித்துக்கொள்ளவில்லை, ஆத்திரமும் அடங்கவில்லை. ஆனால் வயிற்றில் என்னவோ செய்தது. அது இன்னதென்று தெரிய அவளுக்குச் சற்று நேரம் ஆயிற்று. பசி. சோறு சூடு ஆறுவதற்குள் அடுத்த கவளத்தை உருட்டி வாயில் போட்டுக்கொண்டாள்.