எட்டுப் பேருக்கு முள்ளங்கி

"வீட்ல எத்தனை பேரு அக்கா?" என்று காய்க்காரி முதல் நாளே கேட்டாள். ஐந்து கிலோ முள்ளங்கியை ஒருத்தி தூக்கிக்கொண்டு போனால் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்? சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுத்தம் செய்ய என்று உள்ளதைச் சொல்லியிருக்கலாம். "எட்டுப் பேர்" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே புரியவில்லை.

என் வீட்டில் நான் ஒருத்திதான். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் வெளிநாட்டில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டு, நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் போனை வைத்துவிடுவான். காய்க்காரியோ என் எட்டுப் பேரையும் தினமும் விசாரித்தாள். மாமியாருக்கு மூட்டுவலி குறைந்ததா, சின்னவன் அடம்பிடிக்காமல் பள்ளிக்கூடம் போகிறானா? நானும் கூசாமல் அளந்துவிட்டேன். நாள் முழுக்க என்னோடு உட்கார்ந்து பேச வேறு யார் இருக்கிறார்கள்?

பட்டறையின் பின்பக்கம், கொதிகலனை ஒட்டிய அறைதான் என் ஆய்வுக்கூடம். முள்ளங்கிச் சாற்றில் ஒரு நொதி இருக்கிறது. கொஞ்சம் பெராக்சைடு சேர்த்தால் அது சாயத்தை உடைத்துப்போடும். சாற்றை அப்படியே ஊற்றினால் தண்ணீரோடு ஓடிவிடும். அதனால் கடற்பாசியிலிருந்து எடுத்த மாவோடு கலந்து, கால்சியம் உப்புத் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விடுவேன். ஜவ்வரிசி மாதிரி உருண்டைகளாகிவிடும். நொதி உள்ளேயே இருந்து வேலை பார்க்கும்.

முதலாளி கெடு வைத்திருந்தார். புதிதாக வந்த நீலச் சாயத்தை உருண்டைகள் இன்று வெளுக்காவிட்டால், அறையைக் காலி செய்து நூல் மூட்டை அடுக்கிவிடுவார். என் வேலையும் அதோடு சரி.

இரண்டு கண்ணாடிக் குழாய்களை நிறுத்தினேன். ஒன்றில் கொதிக்கவைக்காத சாற்று உருண்டைகள். இன்னொன்றில் கொதிக்கவைத்த சாற்று உருண்டைகள். கொதித்தால் நொதி செத்துவிடும், ஆகவே அதில் நீலம் நீலமாகவே இறங்க வேண்டும். உழைத்தது நொதிதானா என்று அதை வைத்துத்தான் தெரியும். பெராக்சைடு கலந்த நீலச் சாயத் தண்ணீரை இரண்டிலும் ஊற்றினேன். முதல் குழாயில் தண்ணீர் பளிங்காக இறங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்துக் குழாயைப் பார்த்தேன். அதிலும் பளிங்கு.

இரண்டு குழாய் உருண்டைகளும் நீலமாகியிருந்தன. உப்புத் தண்ணீரில் அலசினேன். குடித்த நீலத்தையெல்லாம் அப்படியே கக்கின.

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார். "பிரமாதம்மா! கண்ணாடி மாதிரி இருக்கே!"

பக்கத்துக் குழாய் எதற்கென்றே அவருக்குத் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் நாளைக்கும் ஐந்து கிலோ. நாளைக்கும் மாமியாரின் மூட்டுவலி.

"இது வேலை செய்யல சார்."

"தண்ணி தெளிவாத்தானே வருது?"

"சாயம் உடையல. உருண்டைக்குள்ள ஒளிஞ்சிருக்கு. உருண்டை நிரம்பிட்டா எல்லாம் ஆத்துக்குத்தான் போகும்."

"நீங்க இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்மா. நாளைக்கு மூட்டை வந்துரும்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். பாவம் பார்த்துச் சொன்னார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் காய்க்காரி எனக்காகப் பை நிறைய எடுத்து வைத்திருந்தாள்.

"இன்னிக்கு ஒண்ணு போதும்மா."

"ஒரு கிலோவாக்கா?"

"ஒரே ஒரு முள்ளங்கி."

அவள் கை அப்படியே நின்றது. "ஏன்க்கா, எல்லாரும் ஊருக்குப் போய்ட்டாங்களா?"

"ஆமா."

"மாமியாருமா? அந்த மூட்டுவலியோடயா?"

"அவங்களும்தான்."

இருந்ததிலேயே நல்லதாக ஒன்றைத் தேடி எடுத்து என் கையில் வைத்தாள். காசு வாங்கவில்லை. "அப்ப வீட்ல நீங்க மட்டும் தனியாவாக்கா?"

"ஆமாம்மா" என்றேன். அவளிடம் நான் சொன்ன முதல் உண்மை அது. கடை வாசலிலேயே அழுதுவிட்டேன்.