முள்ளெலி வீடு வந்ததா

எடுத்தது கலாதேவி அண்ணிதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

போன வாரம் ஈப்போவில் என் வீட்டுக்கு வந்தவர், நான் தேத்தண்ணி கலக்கி வருவதற்குள் புத்தக அலமாரி முன்னால் போய் நின்றிருந்தார். என் அலமாரி முழுக்கச் சிறுவர் புத்தகங்கள். நாற்பது தாண்டியவள், பிள்ளையும் இல்லாதவள், கரடியும் வாத்தும் பேசுகிற கதைகளை வாசிக்கிறாள் என்றால் சொந்தக்காரர்கள் வாய் சும்மா இருக்குமா? அண்ணி அந்த அலமாரிப் பக்கம் திரும்பியதே இல்லை. அன்றைக்கு மட்டும் என்ன புது ஆசை? அவர் போன பிறகு பார்த்தேன். நடுத்தட்டில் ஓர் இடைவெளி. முள்ளெலிப் புத்தகத்தைக் காணவில்லை.

அண்ணன் இறந்ததிலிருந்து அவனுடைய சாமான்களை அண்ணி ஒவ்வொன்றாக ஃபேஸ்புக்கில் விற்றுக்கொண்டிருந்தார். தூண்டில் போனது, மழைச்சட்டை போனது. பழைய ஆங்கிலச் சிறுவர் புத்தகங்களுக்கு இப்போது நல்ல கிராக்கி என்று யாரோ காதில் போட்டிருப்பார்கள்.

அந்தப் புத்தகம், எங்கள் ரப்பர் தோட்டத்துத் துரை மாற்றலாகிப் போனபோது பங்களாக் குப்பையிலிருந்து அப்பா எடுத்து வந்தது. தபால் சுமக்கும் முள்ளெலி ஒன்று பனியில் வழி தவறும் கதை. நானும் தர்மேந்திரன் அண்ணனும் எழுத்துக் கூட்டி வாசித்தோம். பனி எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு, ரப்பர் பால் வாளி கவிழ்ந்த மாதிரி இருக்கும் என்றான். பெரியவனாகி, கேமரன் மலையிலிருந்து காய்கறி லோரி ஓட்டினான். அப்போதும் என் வீட்டுக்கு வந்தால் முதலில் கேட்பது அந்தப் புத்தகத்தைத்தான். போன வருடம் மலைப்பாதையில், மழையில், லோரி கவிழ்ந்தது. அவனில் எனக்கென்று மிஞ்சியது அந்தப் புத்தகம் ஒன்றுதான். அதை எவனுக்கோ விற்க விடுவேனா?

முதலாம் ஆண்டுப் படையலுக்குப் பெரிய கைப்பையோடு சிம்பாங் பூலாயில் அண்ணி வீட்டுக்குப் போனேன். படையல் போட்டதும், செத்தவர் வந்து சாப்பிடுவதற்காக, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்க வேண்டும். பிறகு தட்டிவிட்டுத்தான் உள்ளே போகலாம். அதுவரை எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. எனக்கு அதுதான் வசதி. எல்லோரும் முன்பக்கம் நிற்க, நான் சமையலறை வழியாக நுழைந்தேன். டிவி மேசை இழுப்பறையைத் துழாவினேன். துணி அலமாரியைத் திறந்தேன். இல்லை. திரும்பினால், அண்ணன் படத்துக்கு முன்னால் வாழையிலையில், ஆட்டுக்கறிக்கும் பீர் போத்தலுக்கும் பக்கத்தில், புத்தகம் இருந்தது.

எடுக்கக் குனிந்தேன்.

“நீ வருவன்னு எனக்குத் தெரியும்லா,” என்றார் பின்னால் வந்து நின்ற அண்ணி.

வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. சொல்லாமல் ஏன் எடுத்தீர்கள் என்றேன்.

“கேட்டா குடுத்திருப்பியா? லோரி எடுக்கறப்பல்லாம் உங்கண்ணன் அந்தக் கதையச் சொல்லுவாரு. முடிவ மட்டும் திரும்பி வந்து சொல்றேன், வாரேன்னு போயிருவாரு. வந்து ஒவ்வொரு தடவயும் வேற முடிவு சொல்லுவாரு. கடைசியாவும் அப்படித்தான் போனாரு.” இலையிலிருந்த புத்தகத்தைக் காட்டினார். “புத்தகத்துலயாச்சும் முடிவு இருக்கும்னு எடுத்தேன். கடைசித் தாளே இல்ல. நீதான கிழிச்சு ஒளிச்சு வச்சிருக்க?”

நான் அவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்க, அவர் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறார். குப்பையிலிருந்து வந்தபோதே அந்தத் தாள் இல்லை, அதனால்தான் அண்ணன் தானாக முடிவு கட்டினான் என்றேன். அண்ணி என் முகத்தையே பார்த்தார். பிறகு நம்பிவிட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“அப்ப அந்த முள்ளெலி வீட்டுக்கு வந்துச்சா இல்லையான்னு யாருக்குமே தெரியாதா?”

புத்தகத்தை இலையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தோம். நடுவில் புகுந்து கெடுத்துவிட்டோமே, அண்ணன் சாப்பிட நேரம் வேண்டுமே என்று அண்ணி கூடுதலாகக் காத்திருந்தார். சொந்தக்காரர்கள் பசியில் முனகினார்கள். கடைசியில் என்னைத் தட்டச் சொன்னார்.

அண்ணன் சொன்ன முடிவுகளில் முள்ளெலி சில நேரம் படகில் வரும், சில நேரம் நரியின் முதுகில் வரும். எதில் வந்தாலும் கடைசியில் வீட்டுக் கதவைத் தட்டும். அதை அண்ணியிடம் சொன்னேன்.

“என்கிட்டயும் தட்டும்னுதான் சொல்லுவாரு,” என்று சொல்லி அழுதார்.

உள்ளே அண்ணன் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு தட்டினேன்.