ஒப்பந்தத்தில் இல்லாத மாடிப்படி

டெய்லரக்காவின் புது வீட்டில் எல்லாம் இருந்தது. கீழே இரண்டு அறை, மேலே காற்றோட்டமான தையல் அறை, பளபளக்கும் குழாய்கள். மாடிப்படி மட்டும் இல்லை.

சிரிக்காதீர்கள். இதற்காக வக்கீல் நோட்டீஸ் வரை போயாகிவிட்டது. வீட்டைக் கட்டிய கான்ட்ராக்டர் அக்காவின் கணவருக்குப் பால்ய சிநேகிதர். "நமக்குள்ள என்ன!" என்று சொல்லிச் சொல்லியே வேலை நடந்தது. ஒப்பந்தத் தாளில் கதவுத் தாழ்ப்பாள் முதல் சுவரின் நிறம் வரை எழுதியவர்கள், படியை மட்டும் வாயால் பேசிக்கொண்டார்கள். பஸ் டிரைவரான கணவர் அந்தத் தாளைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

இப்போது கேட்டால், "படி தனி வேலை. தாள்ல இருந்தா காட்டுங்க" என்கிறார் கான்ட்ராக்டர். கணவரோ, "கோர்ட்டுல பாத்துக்கறேன்" என்று குதிக்கிறார். கேஸ் போட்டால் வருஷக்கணக்கில் இழுக்கும் என்று வக்கீலே சொல்லிவிட்டார். அக்காவோ பள்ளிக்கூடம் திறப்பதற்குள் முந்நூறு சீருடை தைத்துத் தர வேண்டும். ஏணியில் தையல் மெஷினை ஏற்ற முடியுமா?

ஒரு நாள் சாயங்காலம் அக்கா புது வீட்டைக் கூட்டிக்கொண்டிருந்தபோது கான்ட்ராக்டர் தன் சாமான்களை எடுத்துப்போக வந்தார். "ஒண்ணு விடாம வண்டியில ஏத்துங்க" என்று ஆட்களுக்கு உத்தரவு போட்டுவிட்டு, மேலே ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்க ஏணியில் ஏறினார். ஆட்கள் சொன்னதைச் செய்தார்கள். ஏணியையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

"ஏம்மா! என் ஏணி எங்க?"

"வண்டியில போயிடுச்சேண்ணே!"

அவருடைய போனும் வண்டியில்தான் இருந்தது. அக்கா அதற்குக் கூப்பிட்டாள். ஆட்கள் எடுத்து, "அவருதானே ஒண்ணு விடாம ஏத்தச் சொன்னாரு?" என்றார்கள். திரும்பி வர ஒரு மணி நேரமாகுமாம். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு ஒரு தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் போட்டாள்.

மேலே வேறு வேலையில்லாததால் கான்ட்ராக்டர் தரையைப் பார்த்தார். சாக்பீஸால் கட்டம் கட்டமாகக் கோடுகள்.

"இதெல்லாம் என்னம்மா?"

"ரெண்டு மெஷினு, துணி வெட்டற மேஜை."

"ஜன்னல் பக்கத்துல சின்னதா ஒண்ணு இருக்கே?"

"உங்க சிநேகிதர் நாற்காலி. நாளெல்லாம் பஸ் ஓட்டிட்டு வர்றாரு. கொஞ்சம் காத்தாட உக்காரட்டுமேன்னுதான்."

கான்ட்ராக்டருக்கு வெட்கமாகிவிட்டது. வாய்வார்த்தையாக ஒப்புக்கொண்டதை மறுத்தது தப்பு என்று படியில்லாத அந்த மாடி விளிம்பில் நின்று அவருக்கே உறைத்தது.

வேலை முடிந்து வந்த டிரைவர், மாடியில் நிற்கும் எதிராளியைப் பார்த்துத் திகைத்தார்.

"டேய், மேல என்னடா பண்றே?"

"உன் வீட்டுல குடியிருக்கேன்டா!"

அவ்வளவுதான். நோட்டீஸ் வரை போன இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

ஏணி திரும்பி வந்ததும் கான்ட்ராக்டர் இறங்கி, "தப்பு என்மேலதான். நாளைக்கே படி வேலைய ஆரம்பிக்கறேன்" என்றார்.

"நீ சொன்னா போதும்டா, நமக்குள்ள என்ன!" என்றார் டிரைவர்.

அக்கா இடுப்பில் கைவைத்தாள். "மறுபடியுமா? ரெண்டு பேரும் உக்காருங்க. படி எத்தனை, கைப்பிடி எதுல, என்னிக்கு முடியும், எல்லாத்தையும் எழுதி, படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. நல்லாப் பேசிட்டு இருக்கும்போதே எழுதிக்கணும்ணே. சண்டை வந்தப்புறம் எழுதினா, அதுக்குப் பேரு வழக்கு!"